ஒன்றரைப் பீப்பாய் இரசம்

திருப்பலியின் காணிக்கைப் பகுதியில் குருவானவர் கிண்ணத்தில் வார்க்கும் திராட்சை இரசத்தின் அளவைக் கூர்ந்து நோக்கியதுண்டா? பெரும்பாலும் அது 20 மில்லி லிட்டரைத் தாண்டுவதில்லை. அதனோடு ஒரு துளி நீர் சேர்கிறது, அவ்வளவே. நாள் தவறாமல் பலி ஒப்புக்கொடுக்கும் ஒரு குருவுக்கு ஆண்டு முழுவதற்கும் ஏழரை லிட்டர் இரசம் போதும். ஒரு சிறு குடத்தில் அது அடங்கிவிடும்.

இத்துணைச் சிறிய அளவுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. இதற்காகப் பெருங்கடல்களைக் கடந்து கப்பல்கள் வந்திருக்கின்றன. இதற்காக ஓர் அரசரிடம் ஒரு சங்கமே பிச்சை கேட்டிருக்கிறது. மண்ணிலிருந்த கள்ளுக்கடைகள் யாவும் மூடப்பட்ட நாளிலும் இந்த ஒரு கிண்ணத்துக்கு மட்டும் வழி விடப்பட்டது. அவ்வாறு கடைகள் மூடப்பட்ட மண் வேறெங்கும் இல்லை. நம்முடைய தருமபுரி அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டமே அது. குடிப்பழக்கம் குடும்பங்களைக் குலைத்துவரும் இக்காலத்தில், நம் பீடத்திலிருக்கும் இரசம் எப்படி உருவாகிறது, எப்படி நம்மிடம் வந்தது, எந்த நிபந்தனையின் பேரில் நம்மிடம் நிலைத்தது என்பவற்றை நாம் அறிந்திருப்பது நன்று.

திருச்சபை கேட்பது

திருப்பலிக்குரிய இரசத்தைப் பற்றித் திருச்சபையின் விதி மிகச் சுருக்கமானது. அது கொடிமுந்திரியின் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாக இருக்க வேண்டும். கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 924-ஆம் எண்ணில் இதையே கூறுகிறது. சிவப்பா வெள்ளையா, இனிப்பா துவர்ப்பா என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஆயினும் இலத்தீன் வழிபாட்டு முறையினர் பலர் நெடுங்காலமாக வெள்ளை இரசத்தையே விரும்பி வந்துள்ளனர். கிண்ணத்தைத் துடைக்கும் வெண் துகிலில் கறை படியாது என்பது அதற்கு எளிய காரணம்.

‘கெட்டுப்போகாதது’ என்னும் சொல்லே நம் நாட்டில் பெரும் சோதனையாயிற்று. 1570-இல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட திருப்பலிப் புத்தகம், பலியில் நேரக்கூடிய குறைகளைப் பற்றி ஒரு தனிப் பகுதியையே கொண்டிருந்தது. இரசம் முற்றும் காடியாக மாறியிருந்தால் அங்கே திருவருட்சாதனம் நிகழ்வதில்லை. புளிக்கத் தொடங்கியிருந்தால் பலி செல்லும், ஆனால் அறிந்தே அதைப் பயன்படுத்துபவர் கடுமையாகத் தவறுகிறார் என்று அது எச்சரித்தது. குளிர்ந்த ஐரோப்பிய நிலவறைகளில் இந்த எச்சரிக்கைக்கு அதிக வேலையில்லை. சித்திரை வெயிலில் ஓடும் பாறையும் கொதிக்கும் நாட்டிலோ, திறந்த இரசம் சில நாள்களிலேயே புளித்துவிடும். காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சாராயத்தைக் காடியாக்கும் வேலையை வெப்பம் விரைவுபடுத்துகிறது. இதை அறிவியல் விளக்கியது 19-ஆம் நூற்றாண்டில்தான். லூயி பாஸ்டர் திராட்சை இரசத்தின் நோய்களைப் பற்றிய தம் ஆய்வு நூலை 1866-இல் வெளியிட்டார். அதற்கு முன் வாழ்ந்த மறைப்பணியாளர்களுக்குக் காரணம் தெரியாது. அதன் கசப்பான விளைவு மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

பீப்பாய் என்னும் சொல்

இந்தியக் கிறித்தவர்களுள் மூத்தவர்களான தோமா கிறித்தவர்கள், கொடிமுந்திரி விளையாத மலையாள நாட்டில் என்ன செய்தார்கள்? உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அச்சாற்றைப் பலிக்குப் பயன்படுத்தினார்கள். நிறத்தாலும் சுவையாலும் உண்மையான இரசம் என்று அறியத்தக்கதாய் இருந்தால் உலர்திராட்சை இரசமும் செல்லும் என்பதைப் பிற்காலத்தில் உரோமையே ஏற்றுக்கொண்டது. எனினும் 1599-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கோவாவின் பேராயர் அலெய்சோ மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், போர்த்துக்கல் நாட்டுத் திராட்சை இரசமே வேண்டும் என்று வற்புறுத்தியது. அந்தச் சங்கம் தோமா கிறித்தவர்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய காயம் ஆழமானது. 1653-இல் கூனன் குருசு உறுதிமொழியாக அது வெடித்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. ஆனால் அச்சங்கத்தின் தீர்மானங்களுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. கட்டளையிட்டால் மட்டும் போதுமா? இரசத்துக்கு எங்கே போவது? ஆகவே ஆண்டுதோறும் மஸ்கட் இரசம் ஒன்றரை அல்லது இரண்டு பீப்பாய் தருமமாக அனுப்பி, கோயில்களுக்குப் பங்கிட உதவுமாறு போர்த்துக்கல் அரசரைச் சங்கம் வேண்டிக்கொண்டது.

ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 500 லிட்டர். நாம் முதலில் போட்ட கணக்கின்படி, அது சுமார் எழுபது குருக்களுக்கு ஓராண்டுக்குப் போதுமானது. ஒரு மறைமாவட்டம் முழுவதன் ஓராண்டுப் பலிகளும் இரண்டு மரப் பீப்பாய்களுக்குள் அடங்கின. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பீப்பாய் என்னும் சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். மேசை, சாவி, அலமாரி, ஜன்னல் முதலியவற்றைப் போலவே இதுவும் போர்த்துக்கீசிய மொழி நமக்குத் தந்த சொல். அம்மொழியில் ‘பீப்பா’ என்பது இரசம் அடைக்கும் பெரிய மரக்கலம். இன்று நாம் தண்ணீருக்கும் தாருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழங்கும் அச்சொல், இரசம் ஏற்றி வந்த கப்பல்களோடு கரை இறங்கியது.

கடல் முதிர்வித்த இரசம்

இலிஸ்பனிலிருந்து கோவாவுக்குக் கப்பல் வர ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆயின. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் அவ்வழியில் நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். கப்பலின் அடித்தளத்தில், வெப்பத்திலும் ஆட்டத்திலும், பீப்பாய்கள் மாதக்கணக்கில் கிடந்தன. மெலிந்த இரசம் இப்பயணத்தில் பிழைப்பது அரிது. ஆனால் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள மதீரா என்னும் போர்த்துக்கீசியத் தீவின் இரசத்தில் ஒரு வியப்பு நேர்ந்தது. கடற்பயணத்தின் வெப்பம் அதைக் கெடுக்கவில்லை; மாறாக அதற்குப் பொன்னிறத்தையும் ஆழ்ந்த சுவையையும் தந்தது. இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய பீப்பாய்க்குத் தனி மதிப்பும் தனி விலையும் ஏற்பட்டன. 18-ஆம் நூற்றாண்டில் அதனுடன் திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சிறிது சேர்த்து மேலும் உறுதியாக்கினர். பின்னர்க் கப்பலுக்கே அனுப்பாமல், வெயில் படும் மேல்மாடிகளில் பீப்பாய்களை ஆண்டுக்கணக்கில் வைத்து, கடல் செய்த வேலையைக் கரையிலேயே செய்யக் கற்றுக்கொண்டனர்.

அத்தீவில் இயேசு சபையினர்க்கும் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. கடலோரப் பாறைச் சரிவின் அடியில் அவர்கள் பயிரிட்ட நிலம் ‘பாதிரிமாரின் நிலம்’ என்னும் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. 1759-இல் போர்த்துக்கல் அரசு அச்சபையை நாடு கடத்தியபோது அத்தோட்டங்களும் கைமாறின.

அதே சபையின் குருக்களே நம் பகுதியின் முதல் மறைப்பணியாளர்கள். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியின் வழியைப் பின்பற்றி, 1648-ஆம் ஆண்டையொட்டி லெயொனார்தோ சின்னாமி அடிகளார் மைசூர் மறைப்பணித்தளத்தைத் தொடங்கினார். தருமபுரி வட்டாரத்தின் தொன்மையான கிறித்தவம், கோவிலூர் போன்ற ஊர்களின் விசுவாசம், இம்மரபில் வேரூன்றியதே. இங்கே ஒரு நுட்பமான நிலை இருந்தது. இவர்கள் காவியுடுத்த துறவிகளாக வாழ்ந்தார்கள். புலால் உண்ணவில்லை, மதுவைத் தீண்டவில்லை. மது அருந்துபவனைத் துறவியாக இந்நாடு ஒருபோதும் ஏற்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆயினும் ஒவ்வொரு நாளும் பலிக்குச் சில துளி இரசம் அவர்களுக்கு வேண்டும். கொடிமுந்திரி இல்லாத உள்நாட்டில் அந்தச் சில துளியும் கடற்கரையிலிருந்தே வந்தாக வேண்டும். உணவு மேசையில் மதுவே இல்லாத வாழ்க்கை. பலிபீடத்தில் மட்டும் ஒரு மடக்கு இரசம். நம் மண்ணில் திராட்சை இரசம் கால்வைத்தபோது அதன் இலக்கணம் இதுவாகவே இருந்தது.

கொடியிலிருந்து கிண்ணம் வரை

இனி, இந்த இரசம் உருவாகும் முறையைக் காண்போம். வெள்ளை இரசத்துக்கு வெள்ளைத் திராட்சைதான் வேண்டும் என்பதில்லை. நிறம் பழத்தின் தோலில்தான் இருக்கிறது. சதையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. பழத்தை மிதித்த கையோடு சாற்றைத் தோலிலிருந்து பிரித்துவிட்டால் கறுப்புத் திராட்சையும் வெளிறிய இரசத்தையே தரும். தோலோடு ஊறவைத்தால் சிவப்பு இரசம் கிடைக்கும்.

பிரித்த சாற்றில் நொதி என்னும் நுண்ணுயிர் வேலை செய்யத் தொடங்குகிறது. அது இனிப்பை உண்டு சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு சாராயம் உண்டாகும். 200 கிராம் இருந்தால் சுமார் 12 பங்கு. வெப்பம் மிகுந்தால் நொதித்தல் வெறிகொண்டு பொங்கி, மணத்தை இழக்கச் செய்துவிடும். எனவே வெள்ளை இரசம் செய்வோர் சாற்றைக் குளிர்ச்சியாக வைத்து, அது அமைதியாக நொதிக்கும்வரை பொறுத்திருக்கின்றனர். பின்னர் அடியில் படியும் மண்டியை விட்டுத் தெளிவைப் பிரித்து, பீப்பாயில் அடைக்கின்றனர்.

பீப்பாய் பெரும்பாலும் ஓக் மரத்தால் ஆனது. பலகைகளை நெருப்பில் வாட்டி வளைத்து, பசையோ ஆணியோ இன்றி, இரும்பு வளையங்களால் இறுக்கிக் கட்டுகின்றனர். வாட்டப்பட்ட மரம் இரசத்துக்கு மெல்லிய மணம் சேர்க்கிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே மிகச் சிறிதளவு காற்று உட்புகுகிறது. அதுவே முதிர்ச்சியைத் தருகிறது. பீப்பாய் சிறிதாக ஆக, இரசத்தைத் தொடும் மரப்பரப்பின் விகிதம் கூடுகிறது. ஆகவே சிறு பீப்பாய்க்குக் கண்காணிப்பும் அதிகம் வேண்டும். சிவப்பு இரசம் வயது ஏற ஏற வெளிறும். வெள்ளை இரசமோ வயது ஏற ஏறப் பொன்னிறமாகும்.

இக்காலத்தில் இரசத்தின் ஒரு பகுதி மரத்தின் வழியே ஆவியாகி மறைகிறது. பிரெஞ்சு நாட்டார் இதை ‘வானதூதர்களின் பங்கு’ என்று இனிமையாக அழைப்பார்கள். ஆனால் அவ்வாறு குறைந்த இடத்தை உடனுக்குடன் நிரப்பிவிட வேண்டும். நிரப்பாமல் விட்டால் அந்த வெற்றிடத்தில் காற்று தங்கும். காற்று தங்கினால் இரசம் காடியாகும். பீப்பாயைப் பூட்டிவைத்துவிட்டு மறந்துவிடுபவன் நல்ல இரசத்தைக் காணமாட்டான். வாரந்தோறும் திறந்து பார்த்து, குறையை நிரப்பி, மீண்டும் மூடிக் காத்திருப்பவனுக்கே அது கிடைக்கும்.

இந்நிலையில் திருச்சபை ஒரு நுண்ணிய அளவுகோலை வைத்தது. மெலிந்த இரசம் கெடாதிருக்க என்ன சேர்க்கலாம் என்று மறைப்பணி நாடுகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கேள்விகள் எழுந்தன. சர்க்கரை சேர்ப்பதைவிடத் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சேர்ப்பது தக்கது, மொத்த அளவு நூற்றுக்கு 12 பங்கைத் தாண்டலாகாது என்று உரோமையின் திரு அலுவலகம் 1890-ஐயொட்டி விடையளித்தது. இயல்பிலேயே வலிமை மிக்க இனிய இரசங்களுக்கு, நொதித்தல் நடைபெறும்போதே சேர்ப்பதாயின், 17 அல்லது 18 பங்கு வரை 1896-இல் இசைவு தந்தது. கொடியின் கனியில் கொடியின் கனியே சேர வேண்டும் என்பதே இந்த விடைகளின் உட்பொருள். கிறிஸ்துமசுக்கு நம் இல்லங்களில் சர்க்கரையும் கோதுமையும் கிராம்பும் இட்டுச் செய்யும் பானம் எவ்வளவு சுவையாயினும் பீடத்துக்கு ஏற்றதன்று என்பதன் காரணம் இதுவே.

இன்று நம் தமிழகத்திலேயே மஸ்கட் குடும்பத்துத் திராட்சை செழித்து வளர்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனம். பழைய அலெக்சாந்திரியா மஸ்கட்டின் வழித்தோன்றல். 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது வெளியான குறிப்பு, 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குரு பன்னீர் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகக் கூறுகிறது. இச்செய்தியில் அக்குருவின் பெயர் இல்லை. ஆனால் உதயம்பேரூரில் அரசரிடம் வேண்டிப் பெறக் கருதிய அந்த மஸ்கட், இன்று நம் உழவரின் பந்தல்களில் தொங்குகிறது என்பது மட்டும் கண்கூடு.

1937 அக்டோபர் 1

பீடத்தின் கிண்ணத்துக்கு உண்மையான தேர்வு வைத்தது நம் மாவட்டமே. தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்றுதான் உருவாயிற்று. அதற்கு முன் இது சேலம் மாவட்டத்தின் பகுதி. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராய்ப் புகழ் பெற்ற இராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, குடியினால் நலிந்த சிற்றூர்களின் நடுவே பணியாற்றினார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். 1937-இல் சென்னை மாகாணத்தின் முதல்வரானதும், அவர் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. அரசு இழந்த வருவாயை ஈடுசெய்யவே 1939-இல் பொது விற்பனை வரி பிறந்தது. உலகப் போர்க்காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதிலும் நடைமுறையாயிற்று. 1971 வரை நீடித்தது.

அந்நாளில் சேலம் மறைமாவட்டம் ஏழு வயதுக் குழந்தை. 1930-இல் உருவான அதன் முதல் ஆயர், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ஹென்றி புருனியே ஆண்டகை. தோட்டத்துத் தென்னையிலிருந்தும் ஏரிக்கரைப் பனையிலிருந்தும் ஒரு கலயம் கள் இறக்கினாலும் குற்றம் என்றிருந்த மாவட்டத்தில், ஆலயங்களில் மட்டும் அனுமதியின்பேரில் திராட்சை இரசம் தொடர்ந்து பலியாயிற்று. தமக்குத் தடுக்கப்பட்டது பாதிரியாருக்கு மட்டும் எப்படிப் பொருந்தும் என்று ஒரு கள் இறக்கும் தொழிலாளி கேட்டிருந்தால், அது நியாயமற்ற கேள்வியன்று. அவன் பிழைப்பையே இழந்தவன். அக்கேள்விக்குத் திருச்சபை தரக்கூடிய விடை ஒன்றே: இது குடிப்பதற்கன்று, இதன் அளவைப் பார்.

அந்த விடை எல்லா இடங்களிலும் உண்மையாய் இருக்கவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அங்கும் வழிபாட்டு இரசத்துக்கு விதிவிலக்கு உண்டு. அவ்விலக்கின் நிழலில், 1922-க்கும் 1924-க்கும் இடையே மட்டும், வழிபாட்டின் பெயரால் எடுத்துச்செல்லப்பட்ட இரசம் சுமார் 8 லட்சம் காலன் கூடியது. இரண்டே ஆண்டுகளில் பக்தி அவ்வளவு பெருகியதா? கூட்டுக் கிறித்தவ அமைப்பொன்றே இதனைச் சுட்டிக்காட்டி வருந்தியது. கோயிலின் பெயரால் வாங்கப்பட்டது விருந்து மேசைக்குச் சென்றது. ஒரு சலுகை எப்போது பழிச்சொல்லாகிறது என்பதற்கு இது சான்று. நம் முன்னோர்க்குக் கிடைத்த அனுமதி, சட்டத்தின் ஓட்டை வழியே நுழைந்ததன்று; அரசும் அயலவரும் நம்மீது வைத்த நம்பிக்கை அது. இன்றும் தமிழகத்தில் திருப்பலி இரசத்துக்கென்று தனி விதிகளும் உரிமமும் உள்ளன. ஆயர்கள் இதில் விழிப்பாயிருக்க வேண்டும் என்றும், அப்பமும் இரசமும் இன்று கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுவதால் அவற்றின் தூய்மைக்கு உறுதி வேண்டும் என்றும் உரோமையின் திருவழிபாட்டுப் பேராயம் 2017-இல் மடல் எழுதியது.

கானாவூரின் பெயரால்

இவ்வளவும் ஏன் சொல்ல வேண்டியதாயிற்று? குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் மக்களுள் சிலர் புன்னகையோடு கூறும் மறுமொழி ஒன்று உண்டு: “சாமி, கானாவூர்க் கலியாணத்தில் ஆண்டவரே இரசம் செய்து கொடுத்தாரே!” வேடிக்கையாகச் சொன்னாலும், மனைவியின் தாலியை அடகு வைத்தவன் வாயிலிருந்து அது வரும்போது சிரிக்க முடிவதில்லை.

கானாவூரில் ஆண்டவர் காத்தது ஓர் ஏழை வீட்டின் மானத்தை. குடி இன்று நம் ஊர்களில் வீட்டின் மானத்தை விற்கிறது. 2004 வரை நம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த கிருஷ்ணகிரியிலும், எல்லைக்கு அப்பால் கருநாடகத்திலும் 2008 மே மாதத்தில் நச்சுச் சாராயம் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் குடித்ததில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் நஞ்சு. உடலைத் தேய்த்து உழைக்கும் ஏழைக்கு விரைவில் மயக்கம் வேண்டும். விற்பவனுக்கு விரைவில் பணம் வேண்டும். அந்த அவசரத்தில் நஞ்சு கலந்தது. இறந்தவர்களை இகழ நமக்கு உரிமையில்லை. அவர்கள் களைப்பை நாம் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதே நம்மேல் நிற்கும் குற்றச்சாட்டு.

பீடத்தின் இரசம் இதற்கு நேர் எதிரானது. அவசரம் அதன் பகை. அளவில் அது சிறியது. வேறு எதுவும் கலவாதது. ஒருவர் தம் மறதிக்காகத் தனியே அருந்துவதன்று. பலருக்காகச் சிந்தப்பட்ட இரத்தத்தின் அடையாளமாகச் சமூகத்தின் நடுவே உயர்த்தப்படுவது. நம் மண்ணின் முதல் மறைப்பணியாளர்கள் தங்கள் உணவில் மதுவை விலக்கி, பலியில் மட்டும் ஏற்றார்களே, அந்த ஒழுங்கின்றி இக்கிண்ணத்தின் பொருள் நம் அயலவர்க்கு விளங்காது. பீடத்தில் இரசத்தை ஏற்கும் குருவின் இல்லத்திலும், அதற்கு ‘ஆமென்’ என்று மறுமொழி கூறும் இறைமக்களின் இல்லத்திலும் தெளிவு இருந்தால்தான், அன்று ஒரு தொழிலாளி கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு நம்மிடம் விடை உண்டு.

1971-க்குப் பின் சட்டங்கள் பலமுறை மாறின. மதுக்கடைகள் திறந்தன, மூடின, மீண்டும் திறந்தன. 2003 முதல் சில்லறை விற்பனையையே அரசு நிறுவனம் நடத்துகிறது. நாளை மீண்டும் ஒரு மதுவிலக்கு வரலாம், வராமலும் போகலாம். சட்டம் எதுவாயினும் நம் பங்குகளில் நாமே செய்யக்கூடியவை உள்ளன. திருமண விருந்திலும் கோயில் திருவிழாவிலும் மது வேண்டா என்று அன்பியங்கள் ஒன்றுகூடி முடிவு செய்யலாம். குடிநோயில் வீழ்ந்தவனை ஏளனம் செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். அவன் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் சபைப் பணத்திலிருந்து கட்டலாம். பீப்பாயில் குறைந்த இடத்தை அவ்வப்போது நிரப்புபவனே இரசத்தைக் காக்கிறான் என்று கண்டோம்; குடும்பங்களைக் காப்பதும் அத்தகைய பணியே.

ஓர் ஆண்டுக்கு ஒன்றரைப் பீப்பாய்; எல்லாக் கோயில்களுக்கும் சேர்த்து. 1599-இல் கேட்கப்பட்ட தருமம் அவ்வளவுதான். திருச்சபைக்கு அது போதுமானதாக இருந்தது.